குருவி எண்ணப் போகிறவர்களுக்கு: வன்னியில் பட்டப்பின் ஆய்வு தொடங்கும் வழி

2 வருடத்தில் முடிய வேண்டிய என் முதுதத்துவமாணி (எம்.பில்) பட்டம் 3 வருடமும் 4 மாதமும் இழுத்தது. படிப்பில் குறை இல்லை, பறவைகளும் என்னிடம் ஒளித்து விளையாடவில்லை. செப்டெம்பரில் கைக்கு வரவேண்டிய ஒரு கடிதம் ஜனவரியில் வந்தது. அதற்குள் வலசைப் பருவத்தில் பாதி போய்விட்டது. அரைப் பருவக் கணக்கை வைத்து என்ன எழுதுவது? அடுத்த ஒக்டோபர் வரை காத்திருந்தேன்.

கையில் ஒரு விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது, வவுனியா, கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு ஆகிய ஊர்களுக்குள் வாழும் பறவைகளைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "காட்டுக்குப் போகாமல் பஸ் நிலையத்துக் காகத்தை எண்ணவா இவ்வளவு படிச்சனீ?" என்று என் பெரியம்மா கேட்டார். உங்கள் வீட்டிலும் யாராவது கேட்பார்கள். நான் அவரைக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் தெருமுனைப் பனையைக் காட்டினேன். தொங்கும் காய்ந்த ஓலையின் அடிப்பக்கத்தில் பனை உழவாரன் இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டி உள்ளங்கையில் பாதியளவுக்குக் கூடு கட்டியிருந்தது. வீடு கட்டக் காணி துப்புரவாக்கும்போது அந்தப் பனை போனால் குருவியும் போகும். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஓலை வெட்ட வந்தவரிடம் "அந்தப் பக்கத்தை விடு தம்பி" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

1. எந்தப் பட்டம் என்று முதலில் முடிவெடுங்கள்

பட்டங்களை மட்டம் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம். பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம். முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. 4 வருடச் சிறப்புப் பட்டத்தில் நல்ல வகுப்பு இருந்தால் முதுதத்துவமாணிக்கு நேரே விண்ணப்பிக்கலாம். 3 வருடப் பொதுப் பட்டம் என்றால் பெரும்பாலும் ஒரு முதுமாணியோ தகுதிகாண் பரீட்சையோ நடுவில் வரும்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பதானால் வாரஇறுதி வகுப்புள்ள முதுமாணி வசதி. பேராதனையிலுள்ள பட்டப்பின் விஞ்ஞானக் கற்கை நிறுவனம் போன்றவை இதற்குப் பெயர்போனவை. ஆனால் வன்னியிலிருந்து ஒவ்வொரு வாரமும் கண்டிக்குப் போய்வரும் செலவையும் அலுப்பையும் முதலே கணக்குப் போடுங்கள். களவேலைதான் முக்கியம் என்றால் முதுதத்துவமாணி நல்லது, அங்கே வகுப்புகள் குறைவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல்துறை திருநெல்வேலியில் இருக்கிறது, விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில். 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில். கள இடத்துக்குப் பக்கத்தில் மேற்பார்வையாளர் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று முதல் மழைக்காலத்தில் தெரியும்.

2. மேற்பார்வையாளரைப் பிடியுங்கள், பிறகு விண்ணப்பப் படிவத்தைத் தொடுங்கள்

பலர் படிவத்தை நிரப்பிவிட்டுத்தான் ஆள் தேடுகிறார்கள். அது தலைகீழ் வேலை. மேற்பார்வையாளரின் சம்மதக் கடிதம் இல்லாத விண்ணப்பம் உயர் பட்டப்படிப்புகள் பீடத்தின் வாசலைத் தாண்டாது.

மின்னஞ்சலை ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். எந்த ஊர், எந்தப் பறவைகள், ஒரே ஒரு கேள்வி, எந்த மாதம் தொடங்க ஆசை என்ற நாலும் போதும். பெறுபேற்றுப் பத்திரத்தை இணையுங்கள். "பறவைகள் என்றால் எனக்குச் சிறுவயதிலிருந்தே உயிர்" என்ற வரியை வெட்டிவிடுங்கள். நானும் எழுதினேன், பதில் வரவில்லை. பிறகு என் வீட்டுக் குளத்தில் 3 மாதம் எடுத்த எண்ணிக்கையை ஓர் அட்டவணையாக இணைத்து அனுப்பினேன், 2 நாளில் பதில் வந்தது. பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையத்தளமான இ-பேர்ட்டில் கணக்கு இலவசம். இன்றே திறந்து தினமும் 15 நிமிடம் பதிவு செய்யுங்கள். அதுதான் உங்கள் முதல் சான்றிதழ்.

ஒருவர் பறவை தெரிந்தவராகவும் மற்றவர் புள்ளிவிபரம் தெரிந்தவராகவும் இருந்தால் 2 மேற்பார்வையாளர் நல்லது. ஆனால் 2 பேரும் வெவ்வேறு ஊரில் என்றால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

3. கேள்வியைச் சுருக்குங்கள்

"வன்னி நகரப் பறவைகளின் பல்வகைமை" என்பது தலைப்பு, கேள்வி இல்லை. "வவுனியா நகர மையத்திலிருந்து குருமன்காடு, தாண்டிக்குளம், ஓமந்தை என்று வெளியே போகப்போக, கட்டடப் பரப்புக் குறையும்போது பறவை வகைகளின் எண்ணிக்கை எப்படி மாறுகிறது?" என்று கேட்டால் பதில் தேட முடியும்.

இந்த இடத்தில் வன்னிக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. எங்கள் நகரங்கள் குளங்களைச் சுற்றி வளர்ந்தவை. வெயில் காலத்தில் நீர் வற்றி மீன்கள் ஒரு மூலையில் ஒடுங்கும்போது, நகர நடுவிலுள்ள குளத்திலும் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்கும். குளம் நிரம்பி வான் பாயும் மாதத்தில் அதே இடத்தில் நாலு நீர்க்காகம்தான் இருக்கும். நீர்மட்டத்தைக் குறிக்காமல் விட்டால் தண்ணீர் செய்த மாற்றத்தை நகரம் செய்ததாக எழுதிவிடுவீர்கள். துருசுப் (மதகு) பக்கம் உள்ள அளவுகோலை ஒவ்வொரு முறையும் போட்டோ எடுங்கள். அளவுகோல் இல்லாத சின்னக் குளமென்றால் குளக்கட்டில் ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் ஒரு படம். காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் தண்ணீர் திறக்கும் திகதியைக் கமக்காரர் அமைப்பில் கேட்டால் சொல்வார்கள்.

4. அனுமதிகள் (என் ஒக்டோபரை விழுங்கிய பகுதி)

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காகம் போன்ற ஒருசிலவற்றைத் தவிர ஏனைய பறவைகள் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. ஊருக்குள் நிற்பதால் ஒரு பறவை பாதுகாப்பை இழப்பதில்லை. உங்கள் வேலை எந்த வகை என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

பிடிப்பது, காலில் வளையமிடுவது, இரத்தமோ இறகோ எடுப்பது, கூட்டைத் தொடுவது: இவற்றுக்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு அனுமதியும் உங்கள் பல்கலைக்கழகத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கட்டாயம் வேண்டும். வளையமிட முறையான பயிற்சியும் வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல்துறையில் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழு இதில் நீண்டகால அனுபவம் உள்ளது. முதல் ஆய்விலேயே பிடிக்கும் வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. கண்ணாலும் காதாலும் செய்யும் ஆய்வுக்குப் பாதிக் கடிதம்தான்.

சரணாலயம், தேசியப் பூங்கா: வங்காலை, சுண்டிக்குளம், மடு வீதி போன்ற இடங்களில் சும்மா நின்று எண்ணுவதற்கும் அதே திணைக்களத்தின் அனுமதி வேண்டும். காட்டுக் காணி என்றால் வனப் பரிபாலனத் திணைக்களம், அது வேறு விண்ணப்பம். 2 திணைக்களங்களின் தலைமையகங்களும் பத்தரமுல்லையில் இருப்பது ஓர் ஆறுதல். வவுனியாவில் இரவு பஸ் ஏறினால் ஒரே நாளில் இரண்டு வாசலையும் பார்த்துத் திரும்பலாம்.

நான் விழுந்த இடம் இது. நின்று எண்ணுவதற்கு நான் தெரிந்த 40 புள்ளிகளும் "நகரம்" என்றே நினைத்திருந்தேன். வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் நகர எல்லையோரம் 6 புள்ளிகள் காட்டுக் காணிக்குள். அவசரமாக விண்ணப்பித்தேன். ஓர் அலுவலகத்தில் என் கோப்பு 7 வாரம் ஒரு மேசையில் கிடந்தது. காரணம் கேட்டபோது, "புள்ளிகளின் பெயர் இருக்கு, ஆள்கூறு இல்லையே" என்றார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆகவே புள்ளிகளை முதலில் வரைபடத்தில் போட்டு, எது யார் காணி என்று பிரதேச செயலகத்தில் சரிபார்த்துவிட்டுத்தான் முன்மொழிவை முடிக்க வேண்டும்.

ஊருக்குள் உள்ள பொது இடங்களுக்கும் கடிதம் தேவை, சட்டத்துக்காக மட்டுமில்லை. விடிகாலையில் ஒரு பெண் பைனாகுலரோடு சந்தியில் நின்றால் என்ன நடக்கும்? "தங்கச்சி, ஆற்றை வீட்டைப் பாக்கிறீங்கள்?" முதல் வாரத்திலேயே 3 தரம் கேட்டார்கள். பல்கலைக்கழகக் கடிதத்தை வைத்துக் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்திலும் ஒப்புதல் வாங்குங்கள். அதன் பிரதியைப் பொலிஸ் நிலையத்திலும் ஒவ்வொரு பிரிவு விதானையாரிடமும் (கிராம அலுவலர்) கொடுங்கள். பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், சின்னக் குளமென்றால் கமநல சேவை நிலையம், நகரசபையின் அல்லது பிரதேச சபையின் குப்பை மேடோ பூங்காவோ என்றால் அந்தச் சபை. விதானையாரைப் பார்க்கப் போகும்போது அலுவலக நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள். அவருக்குத் தெரிந்துவிட்டால் பாதி ஊருக்குத் தெரிந்த மாதிரி.

வீட்டுக்காரரிடம் அடைக்கலங்குருவிக்கு முட்டி கட்டியிருக்கிறார்களா, பூனை வளர்க்கிறார்களா என்று வினாக்கொத்து வைத்துக் கேட்பதானால் மனித ஆய்வு நெறிமுறைக் குழுவும் உண்டு. பலர் இதை மறந்து, கடைசியில் அந்த அத்தியாயத்தையே வெட்டுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் கொண்டுபோக வேண்டியவை: தேசிய அடையாள அட்டைப் பிரதி, மாணவர் பதிவுக் கடிதம், மேற்பார்வையாளரின் கடிதம், 3 பக்கத்துக்கு மிகாத முன்மொழிவுச் சுருக்கம், ஆள்கூறுகளோடு புள்ளிப் பட்டியல், வரைபடம், தொடங்கும் முடியும் திகதிகள், உதவியாளரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும். உதவியாளரை விட்டுவிடாதீர்கள், கடிதத்தில் பெயர் இல்லாதவர் உள்ளே வர முடியாது. எல்லாவற்றிலும் 5 பிரதி எடுங்கள். தமிழில் விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் சுருக்கத்தின் சிங்கள, ஆங்கிலப் பிரதிகளையும் வைத்தால் கோப்பு வேகமாக நகரும். எனக்கு வந்த பதில் சிங்களத்தில் இருந்தது, அதிலிருந்த நிபந்தனையை ஒரு மாதம் கழித்துத்தான் வாசித்துப் புரிந்துகொண்டேன்.

கட்டணங்கள் அவ்வப்போது மாறும். பழைய மாணவர் சொன்ன தொகையை நம்பாமல் செலுத்தும் வாரத்தில் கேளுங்கள், பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள்.

5. ஒக்டோபரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

வலசைப் பறவைகள் ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பரில் வரத் தொடங்கி ஏப்ரலோடு கிளம்பிவிடும். ஒக்டோபர் முதல் மார்ச் வரை முழுதாக எண்ண வேண்டுமென்றால் செப்டெம்பரில் ஒத்திகை முடிந்திருக்க வேண்டும். அனுமதி விண்ணப்பங்கள் ஏப்ரலில் போக வேண்டும், 4 மாதம் ஒதுக்குங்கள். அதற்கு ஜனவரியில் மேற்பார்வையாளர் கையில் இருக்க வேண்டும். உங்கள் பதிவுக்கு ஒப்புதல் தரும் பல்கலைக்கழக மூதவை மாதம் ஒருமுறைதான் கூடும், ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு மாதம் போச்சு.

நவம்பர், டிசெம்பரில் மழை. ஒவ்வொரு மாதச் சுற்றுக்கும் 5 காலை தேவையென்றால் 9 காலை ஒதுக்கி வைக்கவேண்டும். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வரும். ஒரு நாளாவது அதில் சேர்ந்து போங்கள், பழக்கப்பட்ட கண்களோடு ஒரு காலை நிற்பது புத்தகத்தில் ஒரு மாதம் தேடுவதை விட மேல்.

6. சாமானும் செலவும்

பைனாகுலர் 8×42 வாங்குங்கள். 10×42 அதிகம் பெரிதாக்கும், ஆனால் கையும் ஆடும், பார்வைப் பரப்பும் குறுகும். நகரத்தில் பறவை கிட்டத்தில்தான் நிற்கும். கொழும்பில் ஒருவரிடம் பழையதை வாங்கினேன், இன்னும் உழைக்கிறது. ஐடியா வைல்ட் என்ற அமைப்பு பணமாகத் தராமல் பைனாகுலர், ஜிபிஎஸ் போன்ற கருவிகளாகவே தரும். விண்ணப்பமும் சின்னது, முதலில் அதை முயன்று பாருங்கள்.

பெற்றோல் விலை மாதாமாதம் மாறுவதால் லீற்றரில் சொல்கிறேன். 40 புள்ளி, ஒரு காலைக்கு 8 என்றால் ஒரு சுற்றுக்கு 5 காலை. வருடத்துக்கு 12 சுற்று, 60 காலை. ஒரு காலைக்கு 35 கிலோமீற்றர் ஓடினேன். 2,100 கிலோமீற்றர், என் மோட்டார் சைக்கிளுக்குச் சுமார் 47 லீற்றர். அலுவலக அலைச்சல் இதில் சேராது, அதற்கும் ஏறக்குறைய அதே அளவு போனது. உதவியாளருக்குக் காசு கொடுங்கள். என் மச்சான் முதல் மாதம் பாசத்தில் வந்தான், இரண்டாம் மாதம் நித்திரையில் கிடந்தான். பிறகு காலைக்கு இவ்வளவு என்று பேசி, எண்ணி முடித்ததும் அம்மாச்சி உணவகத்தில் சாப்பாடும் என்று ஒப்பந்தமானது. ஒருநாளும் பிந்தவில்லை.

கணினிக்குச் செலவில்லை. வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், கணக்குக்கு ஆர் மென்பொருள், இரண்டும் இலவசம். கட்டடப் பரப்பைக் கணிக்க 10 மீற்றர் நுணுக்கமுள்ள சென்டினல்-2 செய்மதிப் படங்களும் அப்படியே.

7. களத்தில்

புள்ளிகளுக்கிடையே குறைந்தது 250 மீற்றர், எண்ணும் வட்டம் 50 மீற்றர் ஆரை. போனதும் 2 நிமிடம் சும்மா நில்லுங்கள், பிறகு 10 நிமிடம் எண்ணுங்கள். நகர்வதோடு சேர்த்து ஒரு புள்ளிக்கு 20 நிமிடம். காலை 6.10க்குத் தொடங்கினால் 8.50க்கு முடியும், அதற்குப் பிறகு பறவை அடங்கிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் வரிசையை மாற்றுங்கள். பஸ் நிலையத்தை எப்போதும் கடைசியில் எண்ணினால் அங்கே பறவை குறைவு என்று தரவு பொய் சொல்லும்.

சத்தத்தையும் குறியுங்கள். என் 17ஆம் புள்ளி ஒரு பிள்ளையார் கோயிலடி. மார்கழியில் திருவெம்பாவை 10 நாளும் விடிய முன்னே ஒலிபெருக்கி தொடங்கிவிடும். அந்தச் சுற்றில் அங்கே கொண்டைக்குருவி ஒன்றுகூடப் பதிவாகவில்லை. குருவிகள் அங்கேதான் இருந்திருக்கும், எனக்குத்தான் கேட்கவில்லை. அடுத்த வருடம் திகதியைத் தள்ளி வைத்தேன்.

மெர்லின் செயலி சத்தத்தை வைத்துப் பெயர் சொல்லும், முன்கூட்டிப் பதிவிறக்கினால் இணையமில்லாமலும் வேலை செய்யும். அது காட்டியதைப் பார்க்காமல் எழுதாதீர்கள். மற்றப் பறவை போலக் கத்தும் கரிச்சானிடம் நானே ஏமாந்திருக்கிறேன்.

பெயர்களுக்கு ஓர் அட்டவணை வையுங்கள். எங்களூரில் புலுனி, புத்தகத்தில் தவிட்டுக்குருவி, அறிவியல் பெயர் ஆர்கியா அஃபினிஸ். பழைய நூல்களில் அதே குருவி டர்டோய்டெஸ் அஃபினிஸ். எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறீர்கள் என்று முன்மொழிவிலேயே ஒரு வரி எழுதாவிட்டால் வாய்மொழிப் பரீட்சையில் கேட்பார்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்டவை. மிதிவெடிப் பலகையைக் கண்டால் அந்தப் புள்ளியைக் கைவிடுங்கள். பலகை இல்லாத பற்றையென்றாலும் அந்த ஊரவர் அன்றாடம் நடக்கும் பாதையை விட்டு இறங்காதீர்கள், பறவை எவ்வளவு அரிதானாலும் சரி. தெரியாத இரும்பைத் தொடாமல் 119க்கு அழையுங்கள். முகாம் வேலிப் பக்கம் பைனாகுலரோ கமராவோ தூக்க வேண்டாம். ட்ரோன் யோசனையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், அதன் அனுமதி தனிக் கதை. நகர எல்லையில் விடியமுன் யானை நிற்கக்கூடும், முந்தைய இரவே கடைக்காரரிடம் விசாரியுங்கள். ஊருக்குள் யானையை விட நாய்தான் தொல்லை. கடித்தால் அன்றே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விசர்நாய்த் தடுப்பூசி இலவசம்.

8. காசு எங்கிருந்து

தேசிய விஞ்ஞான மன்றத்தின் அறிவித்தல்களைத் தவறாமல் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் செய்முறைவிளக்குநர் வேலை கிடைத்தால் மாதச் செலவு சமாளிக்கலாம், ஆனால் அது காலை நேரத்தைத் தின்னும், பிற்பகல் வகுப்புகளைக் கேட்டு வாங்குங்கள். ரஃபர்ட் மன்றத்தின் சிறு நிதி எங்கள் மாதிரியானவர்களுக்கு ஏற்றது. பட்டப் படிப்புக் கட்டணத்துக்கு அது தராது, பாதுகாப்பு வேலைக்குத்தான் தரும். ஆகவே பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு அடைக்கலங்குருவிப் பெட்டி வைப்பது, பனை வைத்திருக்கும் காணிக்காரரோடு பேசுவது போன்ற ஒரு பகுதி முன்மொழிவில் இருக்க வேண்டும்.

படிப்பு முடிந்த பிறகு வேலை? நேர்மையாகச் சொன்னால் குறைவு. விரிவுரையாளர், திணைக்களம், ஆசிரியர் என்ற வழக்கமான பாதைகளோடு சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு வேலைகளும் உண்டு. மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி மின்நிலையம் வந்த பிறகு, பறவை எண்ணத் தெரிந்தவரைத் தேடுகிறவர்கள் இந்தப் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

9. தரவும் புதுப்பித்தலும்

களத்தில் பென்சிலால் எழுதுங்கள், மழையில் பேனா மை கரையும். அன்றிரவே பக்கத்தைப் படம் பிடித்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்புங்கள். என் தொலைபேசி வைரவபுளியங்குளத்துக்குள் விழுந்த அன்று, எனக்கு அழிந்தது ஒரு காலைத் தரவு மட்டும்தான்.

அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளில் அறிக்கை கொடுப்பதும் இருக்கும். முடிவுத் திகதிக்கு 2 மாதம் முன்னரே அறிக்கையையும் புதுப்பித்தல் கோரிக்கையையும் ஒரே உறையில், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் சீட்டைக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். 3 வாரத்தில் தொலைபேசியில் கேளுங்கள், பதில் இல்லையென்றால் இரவு பஸ்.